பிழை உம்மாவிடம் இல்லை

"உங்களுக்கு போன் பாவிக்கத் தெரியாது உம்மா" என்ற பேச்சு இன்று அநேகமான வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. ஐம்பது பேருக்கு அளவு பிசகாமல் சமைக்கவும், மாதக் கணக்கை மனத்திலேயே வைத்திருக்கவும் தெரிந்த ஒருவர் ஒரு சிறிய திரையின் முன்னால் கூனிக் குறுகிப்போகிறார். அதற்குப் பொறுப்பு அவரல்ல, அந்தத் திரையை வடிவமைத்தவரே என்பது என் கருத்து.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர் ஓடுபாதையிலேயே வயிறு தட்டி விழுந்தன. விமானியின் கவனயீனம் என்றார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையை ஆராய்ந்தார். இறக்கை மடிப்புகளை இயக்கும் ஆளியும் சக்கரங்களை உள்ளிழுக்கும் ஆளியும் ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்தன. களைத்த கை மாறிப்போகாமல் என்ன செய்யும்? ஒன்றுக்குச் சக்கர வடிவிலும் மற்றதற்கு ஆப்பு வடிவிலும் பிடி வைக்கச் சொன்னார். பிறகு இருட்டிலும் விரலே இனங்கண்டுகொண்டது. மாற்றப்பட்டது விமானியல்ல, பிடி.

தள்ளுவதா இழுப்பதா என்று கதவிலே எழுதி ஒட்ட வேண்டியிருந்தால் பிழை கதவில்தான் என்று வாதாடியவர் டொனால்ட் நோர்மன். அன்றாடப் பொருட்களின் உளவியல் பற்றிய அவரது நூல் 1988இல் வெளிவந்தது. ஏ.டி.எம். இயந்திரத்தையும் பாருங்கள். பணம் முதலில் வந்தால், வந்த வேலை முடிந்ததென்று அட்டையை மறந்து போவது மனித இயல்பு. ஆகவே பல இயந்திரங்கள் அட்டையை எடுத்த பிறகே பணத்தைத் தருகின்றன. மறதியைத் திட்டாமல், மறதிக்கு இடம் வைத்த வடிவமைப்பு அது.

இனி நம் கைத்தொலைபேசிக்கு வருவோம். தமிழைத் தெரிவுசெய்த பிறகும் பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. கடவு எண் வேறொரு பக்கத்தில் வந்து, திரும்புவதற்குள் காலாவதியாகிறது. வங்கி, வைத்தியரின் முற்பதிவு, பிள்ளையின் பாடசாலை விண்ணப்பம் எல்லாம் இந்த வாசலால்தான் போக வேண்டுமென்றால், ஒரு தாய் தன் சொந்த அலுவலுக்கே பிள்ளையின் தயவை எதிர்பார்த்து நிற்கிறார். தன் வங்கி இரகசிய எண்ணையும் அடுத்தவரிடம் சொல்லிவிடுகிறார். இது சின்ன விடயமல்ல.

தகவல் தொழினுட்பம் படிக்கும் சகோதரிகளே, நீங்கள் செய்யும் முதலாவது செயலியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பக்கத்தில் பேசாமல் இருங்கள். "இதை அழுத்துங்கள்" என்று சொல்ல நா துடிக்கும். சொல்லாதீர்கள். அவரது விரல் எங்கே தயங்குகிறது, எதை இரண்டு தரம் வாசிக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.