முதலில் கண், அப்புறம் வாய்



பெற்றோரே, கழுகுக் கதை உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். நாற்பது வயதில் கழுகின் அலகு வளைந்துபோகிறதாம், நகம் மழுங்கிவிடுகிறதாம். மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்கிறதாம். புது அலகு முளைத்ததும் அதைக் கொண்டு பழைய நகங்களைப் பிடுங்கி, புது நகங்களைக் கொண்டு பழைய இறகுகளைப் பிடுங்கி, ஐந்து மாதம் கழித்து இன்னும் முப்பது ஆண்டு வாழப் பறந்து போகிறதாம். கடைசியில் ஒரு திருப்பாடல் எண், கைகூப்பும் படம் ஒன்று. குடும்பக் குழுவில் வந்ததைச் சுடச்சுடப் பிள்ளையிடம் ஒப்பித்து, “பாத்தியா, ஒரு கழுகே இவ்வளவு கஷ்டப்படுது” என்று முடிக்கிறீர்கள்.

அது பொய். அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினியால் சாகும். அதன் அலகும் நகமும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருப்பவை. இறகுகள் சிறிது சிறிதாக உதிர்ந்து மீண்டும் முளைப்பவை. 103ஆம் திருப்பாடல் கழுகின் இளமையைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் பாறையில் மோதும் கதை அதில் இல்லை. இன்றைக்குத் தலையாட்டும் பிள்ளை ஒருநாள் உயிரியல் புத்தகத்தைத் திறக்கும். அன்று கழுகுக் கதையைத் தூக்கி எறியும்போது, அதோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்த திருப்பாடலையும் எறிந்துவிட்டால் யாரைக் கோபித்துக்கொள்வீர்கள்?

இத்தனைக்கும் நம் திண்டுக்கல்லில் பருந்துக்குப் பஞ்சமில்லை. வெயில் ஏறியபின் மலைக்கோட்டைப் பக்கம் அண்ணாந்து பார்த்தால் போதும். இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டம் போட்டு மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். பாறை சூடேறினால் அதன் மேலுள்ள காற்றும் சூடேறி மேலே எழும்பும். அந்தக் காற்றின் மேல் இறக்கையை விரித்துவைத்தால் அது தூக்கிக்கொண்டு போகும். பருந்து செய்வது அவ்வளவுதான். ஆண்டவருக்காகக் காத்திருப்பவர்கள் கழுகைப்போல் எழும்புவார்கள் என்று எசாயா சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை எந்தக் கடையில் கிடைக்கும்? தலைக்கு மேல் உண்மை பறக்கிறது. நாமோ பிள்ளையின் தலையைக் குனியவைத்துக் கைபேசியில் பொய்யைக் காட்டுகிறோம்.

இயேசு எப்படிப் பேசினார் என்று யோசித்துப் பாருங்கள். புளிப்பு மாவு, உப்பு, விளக்கு, பழைய துணியில் போட்ட ஒட்டு, தொலைந்த காசுக்காக வீட்டைப் பெருக்கும் பெண். இவையெல்லாம் நாசரேத்து வீட்டுக்குள்ளேயே பார்க்கக் கிடைத்தவை. விதைப்பவர், களை, ஆட்டுப்பட்டி, மாலையில் சிவக்கும் வானம் ஆகியவை வாசலைத் தாண்டினால் கிடைத்தவை. ஏறக்குறைய முப்பது வயதில் போதிக்கத் தொடங்கியவர் அதற்கு முன் பல ஆண்டுகள் இவற்றை நின்று பார்த்திருக்க வேண்டும். “அங்கே என்ன வேடிக்கை, போய்ப் படி” என்று விரட்டாத ஒரு தாயும் ஒரு தச்சரும் அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தச்சரான வளனார் பெயரில்தான் நம் ஊர்ப் பேராலயம் நிற்கிறது. அந்த வளனாரைக் காப்பியத் தலைவராக வைத்துத்தான் வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடி 1726இல் முடித்தார். யூதேயாவைப் பாட வந்தவர் தமிழ்நாட்டு வயலையும் தாமரைக் குளத்தையும் கொண்டுபோய் அங்கே வைத்தார். இத்தாலியில் பிறந்து வந்தவருக்கு நம் வயல் கண்ணில் பட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கு எது படுகிறது?

திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். தாம் திராட்சைச் செடி, நாம் கொடிகள் என்று ஆண்டவர் சொன்ன பகுதி மறைக்கல்வி வகுப்பில் வராத ஆண்டில்லை. பிள்ளைக்கு ஒரு படம் தருகிறார்கள், ஊதாவும் பச்சையும் அடித்துக்கொண்டு வருகிறது. படத்தில் இருப்பது ஐரோப்பாவின் ஏதோ ஒரு மலைச்சரிவு. வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி, பெருமாள்கோவில்பட்டி, செட்டியபட்டிப் பக்கமெல்லாம் பன்னீர் திராட்சைப் பந்தல் நிழல் விரித்து நிற்கிறது, பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பிள்ளைக்குப் பந்தல் தெரியாது. தெரிந்ததெல்லாம் சாலையோரக் கடையில் கிலோ என்ன விலை என்பதுதான்.

கவாத்து நேரத்தில் கூட்டிப்போங்கள். நேற்றுவரை இலையால் மூடியிருந்த பந்தல் இன்று வெறும் குச்சியாக நிற்கும். பிள்ளை பதறும், “ஏம்ப்பா இப்படி வெட்டிப் போட்டாங்க?” என்று கேட்கும். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், தோட்டக்காரர் சொல்லட்டும். வெட்டிய இடத்தில் தண்ணீர் சொட்டுவதைக் காட்டுவார். வெட்டாமல் விட்டால் கொடி இலையாகவே ஓடிப் போகும், வெட்டியபின் வரும் புதுத் தளிரில்தான் பூங்கொத்து வரும் என்பார். அதிலிருந்து பழம் பறிக்க ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும் என்பார். இடையில் மழை கூடிப்போனால் செவட்டை நோய் விழுந்து, பழம் வெடித்து, போட்ட பணமும் போகும் என்பதையும் மறைக்காமல் சொல்வார். கீழே குவிந்து கிடக்கும் கொடிக் குச்சியில் ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கோணல்மாணலான அந்தக் குச்சியை அடுப்பில் வைக்கலாம், வேறெதற்கும் ஆகாது. பாத்திரம் மாட்ட ஒரு முளையாவது இந்த மரத்தில் செய்ய முடியுமா என்று எசேக்கியேல் 15ஆம் அதிகாரத்தில் கேட்டதும் இதைத்தான். கொடியில் இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லவே தேவையில்லை. குச்சி பிள்ளையின் கையில் இருக்கிறது.

விதைப்பவர் உவமைக்கும் வெளிநாட்டுப் படம் தேவையில்லை. வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஒரே காட்டுக்குள் வண்டித்தடம், பாறைத் திட்டு, வேலியோர முள், பதமான செம்மண் நான்கையும் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக நேரமில்லையா? மலைக்கோட்டைக்குப் போங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு பாறை இடுக்கில் ஒட்டியிருக்கும் ஒரு விரற்கடை மண்ணில் புல் பச்சென்று முளைத்திருக்கும். பங்குனியில் அதே இடத்துக்கு மறுபடி கூட்டிப்போங்கள், காய்ந்து கருகியிருக்கும். மண் ஆழமில்லாததால் சீக்கிரம் முளைத்து, வேர் இல்லாததால் சீக்கிரம் காய்ந்தது என்று ஆண்டவர் சொன்னதைப் பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிடும். ஆனால் இரண்டு முறை போக வேண்டும். அதற்குத்தான் நமக்குப் பொறுமை கிடையாது.

நம் வழக்கத்தில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் உடனே அதன் கழுத்தில் ஒரு நீதியைக் கட்டித் தொங்கவிட வேண்டும் நமக்கு. எறும்பைப் பார்த்தால் சுறுசுறுப்பு, மயிலைப் பார்த்தால் பெருமை கூடாது, மெழுகுவத்தியைப் பார்த்தால் தியாகம். பிள்ளை எறும்பின் காலை எண்ணி முடிப்பதற்குள் “அதனால நீயும்” என்று தொடங்கிவிடுகிறீர்கள். அந்த “அதனால”வைக் கேட்டதும் பிள்ளையின் கண் எறும்பை விட்டுவிடுகிறது, காதும் மூடிக்கொள்கிறது. ஆண்டவர் கூட்டத்துக்கு உவமையைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டார். சீடர்கள் தனியே வந்து கேட்ட பிறகே விளக்கினார். கேட்கும்வரை காத்திருக்க அவரால் முடிந்தது, நம்மால்தான் முடியவில்லை.

சிலவற்றுக்கு நீதியே இராது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது, காக்கை அந்தக் குஞ்சுக்கு ஊட்டி வளர்க்கிறது. இதிலிருந்து பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவீர்கள்? ஏமாற்று என்றா, ஏமாந்து போ என்றா? யோபு தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டு வழக்காடியபோது ஆண்டவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. காகத்தையும் வரையாட்டையும் காட்டுக்கழுதையையும், முட்டையைத் தரையில் போட்டுவிட்டுப் போகும் தீக்கோழியையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். எதற்கும் கீழே நீதி எழுதவில்லை. “இதை ஏன் கடவுள் இப்படிப் படைச்சார்?” என்று பிள்ளை கேட்டால், “எனக்கும் தெரியல, சேர்ந்து பாப்போம்” என்று சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

அழகானதை மட்டும் காட்டித் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. தோல் பதனிடும் ஷாப் இருக்கும் பக்கம் வண்டி போகும்போது பிள்ளை மூக்கைப் பொத்தும், நீங்களும் வேகத்தைக் கூட்டுவீர்கள். ஒருநாள் மெதுவாகப் போங்கள். பேதுரு யோப்பாவில் தங்கியது தோல் பதனிடும் சீமோன் வீட்டில்தான். யூதர்கள் ஒதுக்கிய தொழில் அது. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்ற காட்சி அவருக்குக் கிடைத்தது அந்த வீட்டு மாடியில். அந்த வீட்டிலும் நாற்றம் இருந்திருக்கும், பேதுரு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போகவில்லை. சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையைக் காட்டுங்கள். நம் நாட்டில் காலங்காலமாகத் தோல் பதனிட்டது அதன் பட்டையை வைத்துத்தான். பிள்ளை வளர்ந்ததாக இருந்தால் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலைக் கையில் கொடுங்கள். நம் ஊர்த் தோல் தொழிலாளர்களின் வாழ்வை எழுதி 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது.

அதோடு கிணறுகளையும் காட்டுங்கள். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தந்த தீர்ப்பில் நம் பகுதியைப் பற்றிய ஓர் ஆய்வு பதிவாகியிருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் குடிக்கத் தண்ணீர் கேட்ட கதையைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும். குடிக்க முடியாமல் போன கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். அந்தத் தொழிலால் சோறு தின்ற குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு, அந்தத் தொழிலால் தண்ணீர் இழந்த குடும்பங்களும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். படைப்பு இறைவனின் கொடை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ஒரு சுற்றுமடல் முழுக்க எழுதினாரே, அதை நம் ஊரில் படிக்க வேண்டிய இடம் அந்தக் கிணற்று மேடு.

நீங்கள் சொல்லப்போகும் சாக்குகள் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டியூஷன், அதற்கடுத்த வாரம் விவிலிய வினாடி வினா. போட்டிக்காக அதிகாரமும் வசனமும் மூன்று வாரம் உருப்போட வைக்க நேரம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? கடுகு விதை எந்த நற்செய்தியில் எந்த அதிகாரம் என்று மைக்கில் பளிச்சென்று சொல்லிப் பரிசு வாங்கும் பிள்ளைக்கு, அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகு முளைக்கும் என்பது தெரியுமா? ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாளில் முளை தலைகாட்டும். பைசா செலவில்லை. தூங்கி எழுகிற விவசாயிக்கே தெரியாமல் விதை வளர்கிறது என்ற உவமையும் அந்தத் தொட்டியிலேயே நடந்துவிடும்.

இன்னும் சிலர், “மரம், செடி, பருந்து என்று போனால் ஜெபம் குறைந்துவிடாதா?” என்று கேட்கிறார்கள். 104ஆம் திருப்பாடலைத் திறந்து வாசியுங்கள். நாரையும் வரையாடும் இளஞ்சிங்கமும் கடல் உயிர்களும் அதில் வரிசையாக வருகின்றன. அதை ஜெபம் இல்லை என்று சொல்லும் துணிச்சல் இருந்தால் பிறகு பேசுவோம்.

மறைக்கல்வி ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்கள் வீட்டில், உங்கள் வண்டியின் பின்சீட்டில் இருக்கிறது. வண்டியை நிறுத்துங்கள். பார்க்க விடுங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். அது தோட்டக்காரராகவோ, ஆட்டுக்கிடை போடுபவராகவோ, தோல் ஷாப்பில் வேலை பார்த்த தாத்தாவாகவோ இருக்கலாம். பிள்ளை கேட்ட பிறகு விவிலியத்தைத் திறங்கள். வினாடி வினாவில் பரிசு வாங்காமல் வந்தாலும், “வெட்டுன கொடியில ஏம்மா தண்ணி சொட்டுது?” என்று உங்கள் பிள்ளை இந்த ஆண்டு கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மறைக்கல்வி நடந்திருக்கிறது. கேட்கவில்லை என்றால் நடக்கவில்லை, அதற்கு ஆசிரியர்மேல் பழி போடாதீர்கள்.