ரத்னவேலுவுக்கு ரசிகர்கள் எங்கிருந்து வந்தார்கள்?



டிக்கெட் எடுத்துப் படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் இன்றைய சினிமா வியாபாரத்துக்குப் போதாது. அவன் போஸ்டர் ஒட்ட வேண்டும், டிரெய்லரைப் பகிர வேண்டும், ஹேஷ்டேக்கை டிரெண்டாக்க வேண்டும், எதிர் நடிகரின் ரசிகனோடு விடிய விடியச் சண்டை போட வேண்டும். பார்வையாளனை இப்படி ரசிகப் படையாக மாற்றுவதற்குத்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். நம் தம்பிகளும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: "அண்ணே, இப்ப நம்ம இயக்குநர்கள் வந்துட்டாங்க. நாமளும் ஒரு ரசிகர் படையைக் கட்டினா என்ன?"

மீமிசல் கடைத்தெருவில் பிளக்ஸ் கட்டும் தம்பிகளுக்கும் விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கும் நாங்கள் நேராகவே சொல்கிறோம்: வேண்டாம்.

2023-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தது. தனித்தொகுதியில் வென்று சட்டமன்றம் போன ஒருவர், ஆதிக்கச் சாதிக்காரர் முன்னால் நாற்காலியில் உட்கார முடியாத அவமானத்தைப் பேசிய படம் அது. அதில் வில்லன் ரத்னவேலு. பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்பவன். படம் ஜூலை இறுதியில் நெட்பிளிக்ஸுக்கு வந்தது. சில நாட்களிலேயே ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டி, அவற்றின் மேல் தங்கள் சாதிப் பெருமைப் பாட்டை ஒட்டி, சமூக வலைத்தளங்கள் முழுக்கப் பரப்பினார்கள். ஒரு சாதி மட்டும் இதைச் செய்யவில்லை. பல சாதிகள் போட்டி போட்டுக்கொண்டு அவனைச் சொந்தம் கொண்டாடின.

இவர்களில் யாரும் சும்மா உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள் இல்லை. இதைவிடத் துடிப்பான ரசிகர் கூட்டத்தை எந்த வியாபாரியும் கனவு காண முடியாது. ஆனால் அந்தத் துடிப்பு எங்கே போய் நின்றது? சாதியின் காலடியில். திரையில் எவன் நிமிர்ந்து நிற்கிறானோ, எவன் ஓங்கி அடிக்கிறானோ, அவன் பக்கம் நிற்கத்தான் ரசிகன் பழக்கப்பட்டிருக்கிறான். எவனை அடிக்கிறான், ஏன் அடிக்கிறான் என்று கேட்க அவனை யாரும் பழக்கவில்லை. ரத்னவேலுவின் ரசிகர்கள் அந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்தார்கள்.

இது நேற்று முளைத்த நோயும் இல்லை. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். புதுக்கட்சி தொடங்கியபோது, ஏற்கெனவே ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்கள்தான் அதற்குக் கால்களாயின. 1977-இல் ஆட்சி வந்தது. திரையில் ரிக்‌ஷாக்காரராகவும் படகோட்டியாகவும் வந்தவரின் ஆட்சி உழைக்கும் ஏழைகளுக்கு என்ன செய்தது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் வெளியான 'தி இமேஜ் டிராப்' நூலில் கணக்குப் பார்த்தார். பிம்பம் ஏழையின் பக்கம் நின்றது, ஆட்சியின் பலன் வசதியானவர்கள் பக்கம் போனது. கொடி கட்டியவன் கொடி கட்டியவனாகவே இருந்தான்.

ரசிகனுக்குக் கிடைப்பது என்ன? 2023 ஜனவரி 11 அதிகாலை, 'துணிவு' படக் கொண்டாட்டத்தில் சென்னை ரோகிணி திரையரங்கின் முன் லாரி மீது ஏறி ஆடிய 19 வயது இளைஞர் கீழே விழுந்து இறந்துபோனார். அதே திரையரங்கில், அதே ஆண்டு மார்ச் 30 அன்று, 'பத்து தல' படத்துக்கு டிக்கெட் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் தடுத்தார்கள். கேட்டதற்குப் படத்தின் தணிக்கைச் சான்றிதழையும் குழந்தைகளின் வயதையும் காரணம் சொன்னார்கள். காணொளி பரவி, கேள்விகள் எழுந்த பிறகே அந்த அநீதி வெளியே தெரிந்தது. அந்த வாசலில் போனை உயர்த்திப் பிடித்துக் கேள்வி கேட்டவர்தான் நமக்கு வேண்டிய பார்வையாளர். அவர் எந்த நடிகரின் ரசிகர் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

"அப்படியானால் நம்மவர் படத்துக்கு விசில்கூட அடிக்கக் கூடாதா?" அடியுங்கள். சேரியில் பிறந்தவன் தன் முகத்தைத் திரையில் பார்த்துக் கொண்டாடுவது அவன் உரிமை. கொண்டாட்டம் எங்கே முடிகிறது, அடிமைத்தனம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. 1943-இல் புனேயில் ரானடே பற்றி ஆற்றிய உரையில் அண்ணல் அம்பேத்கர் இந்தக் கோட்டை வரைந்து காட்டினார். ஒருவரை மனதார வியந்து போற்றுவது ஒன்று, அவருக்குக் கீழ்ப்படிந்து கிடப்பது வேறொன்று. முதலாவதில் தவறில்லை, இரண்டாவது பெருங்கேடு என்றார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையிலும், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே வழிவிடும் என்று எச்சரித்தார். அவரையே ரிங்டோனாகவும் பிளக்ஸாகவும் சுருக்கிவிட்டு, அவர் எழுதியதில் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் இருந்தால் நாமும் ரசிகர்கள்தானே?

நமக்கு வேறு முன்னோடி இருக்கிறது. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதன் பெயர் 'தமிழன்' என்று மாறியது, வாசகர்கள் கேட்டுக்கொண்டதால். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் அதைப் படித்தார்கள், படித்ததோடு நிற்காமல் பௌத்த சங்கம் கட்டினார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகும் அவருடைய எழுத்துகளைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை நூல்களாக அச்சிட்டது. 1926-இல் அங்கிருந்தே அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் கொண்டுவந்தார். தலைவர் போன பிறகும் வேலையைக் கையில் எடுத்த கூட்டம் அது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. ஈராண்டு இழுத்து, 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததாகச் சொன்னது. சாதிக் கொடுமையைத் திரையில் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் அந்த வழக்கின் போக்கைத் தொடர்ந்து கவனிக்கிறோம்?

மீமிசலைச் சுற்றியுள்ள நம் தெருக்களில் படம் திரையிடுங்கள். மறுநாள் அதே பத்துப் பேர் கூடுங்கள், பெண்கள் இல்லாமல் கூடாதீர்கள். படத்தில் பார்த்தது நம் ஊரில் எங்கே நடக்கிறது? தேநீர்க் கடையிலா, சுடுகாட்டுப் பாதையிலா, பஞ்சாயத்து அலுவலக நாற்காலியிலா? எழுதி வையுங்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்ந்து படியுங்கள். அதன் 1995 விதிகளின்படி மாவட்ட விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நம் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய் செலவு. பால் பாக்கெட்டைவிடக் குறைவு.

அடுத்த படம் வரும்போது முதல் காட்சிக்குப் போங்கள், விசிலடியுங்கள். மறுநாள் கூட்டத்துக்கும் வந்துவிடுங்கள்.

ஜெய் பீம்!