முதுகு வேறு, மண்ணீரல் வேறு

ஸ்ரேயாஸ் ஐயர் மும்பை செம்பூரில் பிறந்தவர். டான் பாஸ்கோ பள்ளி, போதார் கல்லூரி என்று படித்ததெல்லாம் மாட்டுங்காவில். அதனால் எங்கள் பக்கத்தில் அவர் சதம் அடித்தால் "நம்ம ஐயர்". அடிபட்டால் மட்டும் உறவு கொஞ்சம் தூரமாகிவிடும்: "அந்தப் பையனுக்கு உடம்பு தாங்காதுப்பா, எப்பப் பார்த்தாலும் இஞ்சுரி!"

2025 அக்டோபர் 25 அன்று சிட்னியில் அவர் அடிபட்டபோதும் இதே பேச்சுதான் கிளம்பியது. ஆஸ்திரேலியாவின் அலெக்ஸ் கேரி தூக்கி அடித்த பந்தைத் துரத்திப் பின்பக்கமாக ஓடிப்போய், பாய்ந்து பிடித்தார். விழுந்த வேகத்தில் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தக்கசிவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்படி விழுந்தால் எந்த உடம்பு தாங்கும்? பந்தை விட்டுவிட்டு நின்றிருந்தால் உடம்பு பத்திரமாக இருந்திருக்கும். நாமே அவரைச் சோம்பேறி என்றிருப்போம்.

2021 மார்ச் 23, புனே. இங்கிலாந்தின் பேர்ஸ்டோ அடித்த பந்தைத் தடுக்கப் பாய்ந்ததில் இடது தோள் நழுவி, அறுவை சிகிச்சை வரை போனது. அதுவும் பாய்ச்சல்தான். நவம்பரில் கான்பூரில் அவருடைய முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 105. அதோடு தோள் கதை முடிந்தது.

முதுகு முடியவில்லை. 2023 மார்ச்சில் அகமதாபாத் டெஸ்டில் பேட் பிடிக்கவே இறங்கவில்லை. அறுவை சிகிச்சை, அந்த வருட ஐபிஎல் முழுக்க இல்லை, உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டமும் இல்லை. ஆசியக் கோப்பையில் திரும்பி வந்தவருக்கு அங்கேயே மறுபடி பிடித்துக்கொண்டது. இந்த ஒரு இடத்தில் மாட்டுங்காக்காரர்கள் சொல்வது சரி. ஆனால் அதே முதுகோடுதான் அந்த வருட உலகக் கோப்பையில் 530 ரன், அரையிறுதியில் வான்கடேயில் 105. ஐம்பது ஓவரை அந்த முதுகு தாங்குகிறது. நாள் முழுக்கக் களத்தில் நின்று, மறுநாளும் நிற்பதுதான் சிக்கல். 2025 செப்டம்பரில் அவரே கிரிக்கெட் வாரியத்திடம் சொல்லி, சிவப்புப் பந்து ஆட்டத்திலிருந்து ஆறு மாதம் ஒதுங்கியது அதனால்தான். தன் உடம்பின் கணக்குத் தெரிந்தவன் செய்கிற காரியம் அது.

எனக்கு எரிச்சல் 2024 பிப்ரவரியை நினைத்தால்தான். முதுகு வலிக்கிறது என்று ரஞ்சி காலிறுதியில் அவர் ஆடவில்லை. புதிதாகக் காயம் எதுவும் இல்லை என்று தேசிய கிரிக்கெட் அகாடமி சொன்னதாகச் செய்தி வந்தது. மாதக் கடைசியில் வாரியத்தின் ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிறகு ரஞ்சி இறுதியில் 95 அடித்தார்; அதே ஆட்டத்தின் கடைசி இரண்டு நாள் முதுகுத் தொல்லையால் களத்துக்கு வரவில்லை. வலிக்கிறது என்றால் நடிப்பு, விழுந்து அடிபட்டால் தாங்காத உடம்பு. இரண்டையும் ஒரே வாயால் எப்படித்தான் சொல்கிறோமோ!

காயம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை என்று எண்ணத்தான் செய்கிறோம். தோளையும் மண்ணீரலையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரே முதுகு. அதற்கு வேண்டியது ஆட்ட அட்டவணையில் கொஞ்சம் கவனம்.

ஸ்ரேயாஸாவது தப்பித்தார். ஐபிஎல் கோப்பை ஜெயித்த கேப்டன், 26.75 கோடி ரூபாய் ஏலம், 2025 சாம்பியன்ஸ் டிராபியில் இந்தியாவுக்காக அதிக ரன் என்று பேட்டால் பதில் சொல்ல அவருக்கு மேடை இருந்தது. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. அவர் தோள் நழுவிய அதே புனே தொடரின் கடைசி ஆட்டத்தில், கடைசி ஓவரை வீசி இந்தியாவை ஜெயிக்க வைத்தவர் சின்னப்பம்பட்டி நடராஜன். அடுத்த மாதம் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்துக் காட்டினார். புனேக்குப் பிறகு இந்தியாவுக்காக ஒரு ஆட்டமும் அவருக்குக் கிடைக்கவில்லை.