சாகாத மீனையும் சோதித்துப் பார்!



2024 மே மாதம் ஏலூர், பாதாளம் பகுதியில் பெரியாற்று மீன்கள் டன் கணக்கில் செத்து மிதந்தன. கூண்டு மீன் வளர்த்தவர்கள் கடனாளியானார்கள். பிராணவாயு குறைந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்மோனியாவும் சல்ஃபைடும் இருந்தன என்றது மீன்வளப் பல்கலைக்கழகம். கொஞ்ச நாள் வாதம் நடந்தது, பிறகு ஓய்ந்தது.

நாம் கேட்பது வேறு. செத்த மீனை யாரும் வாங்கப் போவதில்லை. சாகாத மீன்தான் நம் சட்டிக்கு வருகிறது. அதற்குள் என்ன இருக்கிறது?

அந்த வட்டாரத்தில் பல்லாண்டு காலம் துத்தநாகம் உருக்கப்பட்டது. துத்தநாகத் தாதுவோடு காட்மியமும் ஒட்டி வரும். உலோகம் மக்குவதில்லை. சேற்றில் தங்கும், புழு தின்னும், புழுவை மீன் தின்னும், மீனை நாம் தின்போம். காட்மியம் சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டுகள் குடியிருக்கும். ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். பாதரசம் வயிற்றுச் சிசுவையும் விடாது. எவ்வளவு கொதித்தாலும், எவ்வளவு புளி ஊற்றினாலும் இவை போகா.

ஜப்பானில் மினமாட்டா நோய் 1956-இல் வெளிப்பட்டது. ஆலையோ 1968 வரை பாதரசக் கழிவைக் கொட்டியது. நம் கொடைக்கானலில் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு வர 2016 ஆயிற்று. லாபம் உடனே கிடைக்கிறது. நஷ்டஈடு மட்டும் நடந்து வருகிறது!

பெரியாறு எங்கோ இருக்கிறது என்று எண்ணாதீர்கள். இந்தத் திருவனந்தபுரத்தின் கழிவு ஆமையிழஞ்சான் தோடு வழியாக ஆக்குளம் காயலில் விழுகிறது. “தமிழர் காலனிதான் தோட்டை நாறடிக்கிறது” என்கிறார்கள். நகரம் முழுவதன் சாக்கடைக்கும் நாமா பொறுப்பு?

2018-இல் அமரவிளை சோதனைச் சாவடியில் மீன் லாரிகளை நிறுத்திப் பார்மலின் சோதித்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். எல்லை தாண்டி வரும் மீன்காரனைப் பிடிக்கச் சோதனைத் தாள் இருக்கிறது. ஆற்றில் குழாய் விடுகிறவனைப் பிடிக்க என்ன இருக்கிறது? உலோகத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டும். அது அரசிடம் உண்டு. மீன் வாங்கும் தாயிடம் இல்லை.

ஆகவே கோருகிறோம்: ஆறு, காயல் மீன்களில் ஈயம், காட்மியம், பாதரசம் எவ்வளவு என்று மாதந்தோறும் சோதிக்க வேண்டும். முடிவை மலையாளத்திலும் தமிழிலும் மீன் சந்தையில் ஒட்ட வேண்டும்.

நம் கடமையும் உண்டு. பழைய இரும்பு வியாபாரம் செய்யும் தோழர்கள் பாட்டரியை உடைத்துத் தோட்டில் கழுவக் கூடாது. அந்த ஈயம் முதலில் நம் பிள்ளைகளையே சேரும். மீனை விட்டுவிட வேண்டாம். ஏழைக்கு அதுதான் சத்து. சாக்கடை கலக்கும் இடத்து மீனைத் தவிருங்கள். குடலையும் ஈரலையும் எறியுங்கள். கடல் சாளை போன்ற சிறு மீன் வாங்குங்கள்.

அடுத்த வார்டு சபையில் எழுந்து கேளுங்கள். மலையாளத் தோழர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர்கள் வீட்டுச் சட்டியிலும் இதே மீன்தான் வேகிறது.