கீழாநெல்லி ஆராய்ச்சி: மீதிக் கதை எங்கே?

மயிலாப்பூர் மாட வீதியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது தெரிந்த மாமி ஒருவர் பிடித்துக்கொண்டார். "மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லிதான் மருந்துன்னு நம்ம மெட்ராஸ்லயே ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சாச்சே... அப்புறம் எதுக்கு டாக்டர்?"

மாமி சொன்னது பாதிக் கதை.

1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ்-பி வைரஸை நாள்பட்டுச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்துவிட்டது. டம்மி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பெருமைப்பட வேண்டிய முயற்சிதான்!

மீதிக் கதை? 1990-ல் தாய்லாந்தில் அதே மாதிரி கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளையும் சேர்த்து அலசிவிட்டு, டம்மி மருந்தைவிட இது மேல் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை என்றது. தவிர, மஞ்சள் காமாலை என்பது ஒரே வியாதி அல்ல. பல காரணங்களால் வரும் அறிகுறி. ஹெபடைடிஸ்-ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு!

மாமியைக் குறை சொல்லிப் பயனில்லை. தேடினால் கிடைக்க வேண்டாமா? அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'பப்மெட்' 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் அதில் உண்டு. 'ஹார்ட் அட்டாக்' என்று தேடினால், டாக்டர்கள் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று எழுதிய கட்டுரைகளும் வந்துவிடும். ஒரே விஷயத்தின் பல பெயர்களையும் முன்கூட்டியே கோத்து வைத்திருக்கிறார்கள். கீழாநெல்லி கதை வேறு. 1987-ல் வந்த அமெரிக்க ஆய்வு அதை 'ஃபில்லாந்தஸ் நிரூரி' என்றது. 1988 ஆய்வில் 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்'. இந்தப் பெயர்கள் எத்தனை வீடுகளில் தெரியும்?

வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதை நூலகத்துக்கே ஒரு விதியாக வகுத்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன். அது 1931-ல்! அவர் வேலை பார்த்த ஊரில் இதைச் செய்ய முடியாதா? கீழாநெல்லி, நிலவேம்பு, ஆவாரை என்று தமிழ்ப் பெயரைத் தட்டினால் போதும். முதல் ஆய்வு, அதை மறுத்த ஆய்வு, கடைசியாக வந்த முடிவு மூன்றும் ஒன்றாக, எளிய தமிழில் வர வேண்டும். கிண்டியிலுள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் கைகோத்தால் நடக்கக்கூடிய காரியம்தான்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். கண் மஞ்சளானால் முதலில் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். "ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சாச்சு" என்று யாராவது சொன்னால், தயங்காமல் கேளுங்கள்: "அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"