கல்லீரல் பயாப்ஸிக்குப் போகுமுன்

கல்லீரல் பயாப்ஸி என்பது விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி, கல்லீரலிலிருந்து நூல் போன்ற ஒரு துணுக்குச் சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை. துணுக்கின் நீளம் சுமார் இரண்டு சென்டிமீட்டர். மொத்தக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு. கல்லீரலையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று வார்டில் உலவும் பேச்சு வெறும் புரளி. பயாப்ஸி என்றாலே புற்றுநோய்தான் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை.

சென்னைக்கு அருகே தொழிற்சாலைகள் நிறைந்த சுங்குவார்சத்திரம் வட்டாரத்துத் தொழிலாளர் ஒருவருக்குப் பயாப்ஸி பற்றிய பேச்சு பெரும்பாலும் வயிற்று ஸ்கேனில் எழுதப்படும் 'ஃபேட்டி லிவர்' என்ற இரண்டு சொற்களில்தான் தொடங்கும். சென்னை நகரத்தாரிடம் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், மதுவால் அல்லாத கொழுப்புக் கல்லீரல் 32 சதவீதம் பேருக்கு இருந்தது. அத்தனை பேருக்கும் ஊசி தேவையில்லை. கல்லீரல் எவ்வளவு தழும்பேறி இறுகியிருக்கிறது என்பதை ஊசியில்லாத ஃபைப்ரோஸ்கேன் சோதனையே ஓரளவு காட்டிவிடும். ஏன் கெட்டது என்பதுதான் அதற்குத் தெரியாது. காரணம் பிடிபடாதபோதும், ஒன்றுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்று சந்தேகம் வரும்போதும்தான் பயாப்ஸி.

கொரோனா முதல் ஆண்டில் மும்பையில் அப்படி நடந்தது. எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியை உட்கொண்டுவந்த ஆறு பேர், 2020 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே கல்லீரல் பாதிப்போடு மருத்துவர்களிடம் வந்தார்கள். பயாப்ஸியில் தெரிந்தது, உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் வகைப் பாதிப்பு. காரணம் சீந்தில்தான் என்ற மருத்துவர்களின் முடிவை ஆயுஷ் அமைச்சகம் ஏற்கவில்லை. எப்படியானாலும் கஷாயம், லேகியம், ஜிம்மில் கொடுத்த பவுடர் எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவாரே என்று மறைப்பவர்கள்தான் அதிகம்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைச் சொல்வது இன்னும் முக்கியம். அவற்றை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்வார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஆபத்து. தட்டணு எண்ணிக்கையும் ரத்தம் உறையும் நேரமும் பார்த்த பிறகே ஊசி. அவை சரியில்லை என்றாலோ, வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ கழுத்து ரத்தக்குழாய் வழியாக எடுப்பதுண்டு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருப்பவர், ஒப்புதல் படிவத்தில் உள்ளதைத் தம் மொழியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

நோயாளி மல்லாந்து படுத்து வலக்கையைத் தலைக்குமேல் வைத்துக்கொள்வார். ஸ்கேனில் இடம் குறித்து, மரத்துப்போக ஊசி போடுவார்கள். பிறகு மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொல்வார்கள். மூச்சோடு கல்லீரலும் மேலும் கீழும் நகரும் என்பதால், அந்த நொடியில் அசையாமல் இருப்பதுதான் நோயாளியின் வேலை. இத்தாலிய மருத்துவர் மெங்கினி 1958-இல் வெளியிட்ட முறையிலேயே ஊசி கல்லீரலுக்குள் இருக்கும் நேரம் ஒரு நொடிதான்.

வலி பலருக்கும் வரும். வலது தோளில் வலித்தாலும் பயப்பட வேண்டாம், கல்லீரலை ஒட்டிய உதரவிதானத்தின் வலி தோளில்தான் தெரியும். உயிருக்கு ஆபத்து மிக அரிது, 10,000 பேரில் ஒருவர் என்ற அளவே. பயப்பட வேண்டியது உள்ளே கசியும் ரத்தத்துக்கு. அது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில், ஏறக்குறைய எப்போதும் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதனால் அன்றிரவு மருத்துவமனைக்குப் பக்கத்தில், துணைக்கு ஆளோடு இருப்பது நல்லது. சென்னையில் எடுத்துக்கொண்டு அன்றே பஸ் பிடித்து வந்து, ரூம்மேட்டெல்லாம் நைட் ஷிஃப்ட் போன அறையில் தனியே படுப்பது சரியல்ல. வயிறு கடுமையாக வலித்தால், தலை சுற்றி வியர்த்தால், காய்ச்சல் வந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். அதுவும் மருத்துவர் சொன்ன அளவில்.

ஒரு வாரம் பளு தூக்கக் கூடாது. லைனில் நின்று பெட்டி தூக்குபவருக்கு இதுதான் கஷ்டம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர், ஒப்பந்தத் தொழிலாளியானாலும், இ.எஸ்.ஐ. காப்பீட்டில் வருவார். சந்தா நாட்கள் போதிய அளவு இருந்தால், விடுப்பு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும்; பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அதற்கான மருத்துவச் சான்றிதழை இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.