போனதுண்டு, போவதுண்டு

ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு ஜப்பானிய மொழியில் என்ன வேலை என்று சிலர் கேட்டீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலை ஓரத்தில் இளநீர் விற்பவரிடம் ஒரு ஜப்பானிய அம்மையார் தினமும் வருவார். மூன்று வருடம் முன்பு ஒருநாள், "பெருசா சிறுசாம்மா?" என்று கடைக்காரர் கேட்க, அவர் தன் மொழியிலேயே "ஓகீ நோ" என்றார். நான் அர்த்தம் கேட்டேன். ஓகீ என்றால் பெரிய, நோ என்றால் அது என்று விளக்கினார். பெரிய+அது, பெரியது! இதே நோ வினைச்சொல்லுக்குப் பின்னாலும் வருமா என்றேன். வரும் என்றார். 'ஹஷிரு' என்றால் ஓடு, 'ஹஷிரு நோ' என்றால் ஓடுவது. அன்று பிடித்த பைத்தியம்தான் இது. அந்த அம்மையார் ஊருக்குப் போகும்போது 'மின்னா நோ நிஹொங்கோ' பாடப்புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் அதுவல்ல. என் பழைய மாணவன் ஒருவன் ரமணா நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் மகள் நர்சிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். 2019-இல் ஜப்பான் கொண்டுவந்த தனித்திறன் விசா பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021-இல் இந்தியாவும் அதற்கு ஒப்பந்தம் போட்டது. அதற்கு என்4 அளவுக்காவது மொழி தெரிய வேண்டும். வீட்டு நகையை வைத்துப் பணம் கட்டியாயிற்று. ஜூலைத் தேர்வில் பெண் தேறவில்லை. "எனக்கு மொழியே வராது போல சார், நிறுத்திடறேன்" என்று கண்ணீரோடு வந்து நின்றாள்.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பக்கம் பக்கமாக இங்கிலீஷ். வாக்கியத்தைப் பெயராக்கும் பகுதிக்கு 'நாமினலைசர்', 'ஜெரண்ட்' என்று தலைப்பு. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த பெண், ஜெரண்ட் என்பதையே அவளுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. தெரியாத ஒன்றைக் கொண்டு தெரியாத இன்னொன்றைக் கற்பித்திருக்கிறார்கள்.

அவள் தடுக்கி விழுந்த இடம் இது. 'நிஹோன் நி இத்தா கொத்தோ கா அரிமாஸ்.' (நம் எழுத்தில் சரியாக வராது. கொத்தோ என்பதில் தகரத்தை அழுத்தாமல் சொல்லுங்கள்.) நோட்டில் 'ஐ ஹேவ் பீன் டு ஜப்பான்' என்று இருக்கிறது. இந்த இங்கிலீஷில் கொத்தோ எங்கே, அரிமாஸ் எங்கே? ஒன்றுமே ஒட்டாது. 'இக்கு கொத்தோ கா அரிமாஸ்' என்று காலம் மாறினால் 'சம்டைம்ஸ்' என்று புதிதாக ஒரு சொல் முளைக்கிறது. மனப்பாடம் செய்யாமல் என்ன செய்வாள்?

தமிழில் சொல்லிப் பாருங்கள். இத்தா என்றால் போன, கொத்தோ என்றால் அது, விஷயம். அரிமாஸ் என்றால் உண்டு. ஜப்பானுக்குப் போனதுண்டு. இக்கு என்பது போகும், ஆகவே போவதுண்டு. போனதுண்டு என்றால் அனுபவம், போவதுண்டு என்றால் அவ்வப்போது. காலம் மாறினால் பொருள் எப்படி மாறுகிறதோ, இரண்டு மொழியிலும் அப்படியே மாறுகிறது. எதிர்மறைக்கு 'நாய்' போட்டால் போனதில்லை. ஐந்து நிமிடம். பெண் என்னை முறைத்தாள், இவ்வளவுதானா என்று.

இதைத்தானே ஒன்பதாம் வகுப்பில் தொழிற்பெயர், பெயரெச்சம் என்று கரும்பலகையில் எழுதினேன்! 'இது எங்க சார் உதவப் போவுது' என்று பின் பெஞ்சில் கேட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

'தோ இயு கொத்தோ' இன்னும் அழகு. இயு என்றால் சொல், என். அப்படியே பிரித்தால் 'என்னும் அது', நம்முடைய 'என்பது'. இரண்டு மொழியும் 'சொல்' என்ற வினையையே பிடித்து வாக்கியத்தைக் கட்டுகின்றன.

எல்லாம் இப்படி வழுக்கிக்கொண்டு போகாது. நமக்கு 'அது' ஒன்றே போதும். அவர்களுக்கு நோ, கொத்தோ என்று இரண்டு. கண்ணால் கண்டது, காதால் கேட்டது என்றால் நோ: 'உத்தாவு நோ ஓ கிகிமாஷ்தா', பாடுவதைக் கேட்டேன். அங்கே கொத்தோ போட்டால், பாடுகிறார் என்பதைக் கேள்விப்பட்டேன் என்ற பக்கம் சாய்ந்துவிடும். 'என் பொழுதுபோக்கு படிப்பது' என்று முடிக்கும் இடத்தில் கொத்தோதான் வரும். 'நீந்த முடியும்' என்று நாம் சொல்வதை அவர்கள் 'நீந்துவது முடியும்' என்பார்கள். இங்கே தமிழை நம்பினால் மார்க் போகும். ஆனால் எங்கே பிசகும் என்று சொல்லித் தரவும் தமிழ் தெரிந்த வாத்தியார்தான் வேண்டும்.

உடனே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'ஜப்பான் மொழிக்குத் தாய் தமிழ்' என்று போட வேண்டாம், குறிப்பாக மைத்துனர் அவர்கள். சுசுமு ஓனோ என்ற பெரிய அறிஞர் யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியருடன் சேர்ந்து தமிழ், ஜப்பானிய உறவைப் பல வருடம் ஆராய்ந்தார். அவர் உழைப்புக்கு வணக்கம். ஆனால் ஒப்பியல் மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. கொரிய மொழியிலும் போனதுண்டு என்றே சொல்கிறார்கள். சிங்களப் பேச்சில் 'கியவன எக' என்றால் வாசிப்பது. எக என்றால் ஒன்று. அதற்காகச் சிங்களமும் கொரியனும் நமக்குப் பங்காளி ஆகிவிடுமா? வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் பலவும் இப்படி ஒரே மாதிரி வீடு கட்டுகின்றன. உறவு இல்லாவிட்டாலும் பாடம் நடத்த இது போதும்.

நான் கேட்பது இதுதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஜப்பான் கம்பெனிகளுக்காகவும் வெளிநாட்டு வேலைக்காகவும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் காசு கட்டிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஏன் இங்கிலீஷ் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? இங்கிலீஷ் நோட்டுதான் தரமானது என்று பயிற்சி நிலையங்கள் நினைக்கின்றன. பெற்றோரும் அப்படியே நினைக்கிறார்கள். வகுப்பில் வேறு மாநிலப் பிள்ளைகளும் இருக்கிறார்களே என்று ஒரு ஆசிரியர் சொன்னார். நியாயம்தான். ஆனால் திருவண்ணாமலையில் நடக்கும் வகுப்பில் எத்தனை பேர் அப்படி?

என் மாணவர்களில் ஜப்பானில் இருப்பவர்கள் மூன்று பேராவது உண்டு. நீங்கள் படித்தபோது எந்த இடத்தில் தமிழ் கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்று கீழே எழுதுங்கள். 18, 19, 38 ஆகிய பாடங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதி முடித்துவிட்டேன். ஜெராக்ஸ் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், பிரதி எடுக்கும் காசு மட்டும். அந்தப் பெண் டிசம்பரில் மறுபடி எழுதுகிறாள். நேற்று வந்து, வினைக்குப் பின்னால் வரும் 'தே இரு' நம்முடைய 'கொண்டிரு' தானே சார் என்று கேட்டாள். பாதி சரி, மீதி ஞாயிற்றுக்கிழமை என்று அனுப்பியிருக்கிறேன்.